ஆறிய புண் மீண்டும் திறப்பதேன்?

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இம்மாதக் கூட்டத்திற் சுகாதார விஷயமாக ஏதேனும் பேச வேண்டுமென்று காரியதரிசியவர்கள் கேட்டுக்கொண்டபோது, சர்க்கரை வியாதியைப் பற்றியோ இரத்தக் கொதிப்பைப் பற்றியோ பேசலாமென்றே முதலில் எண்ணினோம். ஆயினும் அவற்றைப் பற்றிச் சொல்வாரும் எழுதுவாரும் பலருளர். சொல்வார் அதிகமில்லாததும், ஒரு குடும்பத்தில் வந்துற்றால் மாதக்கணக்காக மனிதரை வாட்டுவதுமான ஒரு விஷயத்தை எடுத்துக்கொள்வதே பயன் தருமென்று கருதினோம். ஆதலின், சஸ்திர சிகிச்சை செய்த புண்களில் அரிதாகப் புகும் சில கிருமிகளைப் பற்றி இன்று சில வார்த்தைகள் சொல்லத் துணிந்தோம். அரிதான நோயைப் பற்றி அறிந்து ஆவதென்ன என்று சிலர் கேட்கலாம். அரிது என்பதனாலேயே அது வந்தபோது இன்னதென்று அறியப்படாமற் போகிறது. அறியப்படாமற் போவதனாலேயே நீள்கிறது. இதுவே நாம் இதனைப் பேசுவதற்குக் காரணம்.

நம் பாட்டனார் காலத்திற் கத்தி வைத்தல் என்றால் ஊரே அஞ்சும். இக்காலத்திலோ சஸ்திர சிகிச்சையை அறியாத வீடு அரிது. வயிற்றைக் கீறிப் பிள்ளையை எடுத்தல், கருத்தடை, குடல்வால், குடலிறக்கம், பித்தப்பைக் கல் என ஒவ்வொரு குடும்பத்திலும் ஒருவரேனும் மேசைமீது படுத்து எழுந்தவராயிருக்கின்றனர். அவர்களுட் பெரும்பாலோர் சுகமாக வீடு திரும்புகின்றனர். திரும்பிய சிலருக்கு நேரும் ஒரு சங்கடத்தையே இங்கே எடுத்துக்கொள்கிறோம்.

நம்மவரில் ஒரு குடும்பத்தலைவி பித்தப்பைக் கல்லுக்காகச் சாவித்துவார அறுவை சிகிச்சை செய்துகொண்டாள் என்று வைத்துக்கொள்வோம். மூன்றாம் நாள் வீடு வந்தாள். எட்டாம் நாள் தையல் பிரித்தார்கள். புண் நன்றாக ஆறிவிட்டது. உறவினர் வந்து பார்த்துச் சென்றனர். ஒரு மாதம் கழித்துத் தொப்புளருகே இருந்த தழும்பிற் பட்டாணியளவு ஒரு கட்டி எழும்புகிறது. அது சிவக்கிறது, சிறிது நோகிறது, பின்னர் வாய் திறந்து நீர்போன்ற மெல்லிய சீழ் கசிகிறது. காய்ச்சல் இல்லை, பசி குறையவில்லை, நடமாட்டம் தடைப்படவில்லை. மருந்துக்கடையில் வாங்கிய களிம்பு தடவுகிறாள். பத்து நாள் மாத்திரை விழுங்குகிறாள். கசிவு நிற்கிறது; மாத்திரை தீர்ந்தபின் மீண்டும் கசிகிறது. பக்கத்துத் தழும்பில் இன்னொரு கட்டி தோன்றுகிறது. சீழை எடுத்துப் பரிசோதித்தால், கிருமி ஏதுமில்லை என்று சீட்டு வருகிறது.

அதன்பின் வீட்டிலே பேச்சு எழுகிறது. கத்தரிக்காய் தின்றாயா, கருவாடு தின்றாயா, கரப்பான் பண்டமெல்லாம் விலக்கச் சொன்னோமே என்று மாமியார் கேட்கிறார். பார்க்க வந்தவர்களின் கண்ணேறு என்கிறார் ஒருவர். இது க்ஷயமாயிருக்கும் என்று மற்றொருவர் காதோடு காதாகச் சொல்ல, மறுநாள் முதல் அவளுக்குத் தட்டும் குவளையும் தனியாகின்றன. அவளோ, தான் ஏதோ பத்தியம் தவறியதனாலேயே இப்படியாயிற்றென்று தன்னையே நொந்துகொள்கிறாள். இங்கே அவள்மேற் குற்றம் யாதொன்றும் இல்லை என்பதைத் தாய்மார்கள் முதலில் மனத்திற் கொள்ள வேண்டும். கத்தரிக்காய்க்கும் இக்கட்டிக்கும் சம்பந்தமில்லை, கண்ணேற்றுக்கும் சம்பந்தமில்லை. இதன் காரணம் வேறிடத்தில் இருக்கிறது. அதனை முறையாகக் காண்போம்.

புண்ணும் கிருமியும்

புண்ணைத் தூய்மையாக வைத்தல் நம் நாட்டார் அறியாததன்று. சுச்ருதருடைய வைத்திய நூலில், புண்பட்டவன் படுத்திருக்கும் அறைக்கு வெண்கடுகு, வேப்பிலை, உப்பு, நெய் ஆகியவற்றாற் புகையூட்டுமாறு சொல்லப்பட்டிருக்கிறது. ஆயினும், புண் சீழ்ப்பிடிப்பதற்குக் கண்ணுக்குத் தோன்றாத உயிர்கள் காரணமென்பது பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே தெளிவாயிற்று. 1847-ல் வியன்னா நகரத்துப் பிரசவ ஆஸ்பத்திரியிற் செம்மல்வைஸ் என்பார், வைத்தியர்கள் குளோரின் சேர்ந்த சுண்ணாம்பு நீரிற் கைகழுவிய பின்னரே கர்ப்பிணிகளைத் தொட வேண்டுமென்று விதித்தார். பிரசவக் காய்ச்சலால் நேர்ந்த மரணங்கள் வெகுவாய்க் குறைந்தன. 1865-ல் கிளாஸ்கோ நகரில் ஜோசப் லிஸ்டர், வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவன் ஒருவனுடைய புண்ணைக் கார்பாலிக் அமிலத்தில் தோய்த்த துணியாற் கட்டினார். புண் சீழ்ப்பிடியாமல் ஆறியது. 1879-ல் பாஸ்டர் அவர்களின் சீடராகிய சாம்பர்லாண்டு என்பார் ஆவியழுத்தக் கலத்தை அமைத்தார். இன்றும் எல்லா ஆஸ்பத்திரிகளிலும் ஆட்டோகிளேவ் என்னும் பெயரால் வழங்குவது அதன் வழிவந்ததே.

சஸ்திர சிகிச்சைப் புண்களைச் சாதாரணமாகக் கெடுக்கும் கிருமிகள் நம் தோலிலும் மூக்கிலும் குடலிலும் வாழ்பவை. அவை விரைவிற் பெருகுவன. ஆதலின், அவற்றால் வரும் சீழ் பெரும்பாலும் முதற் பத்து நாட்களுக்குள்ளேயே காய்ச்சலோடும் வீக்கத்தோடும் வெளிப்படும். பரிசோதனைச் சாலையில் அவற்றை இரண்டு நாளில் வளர்த்துக் காட்டிவிடலாம். வழக்கமான மருந்துகளுக்கும் அவற்றுட் பல அடங்கும். மேற்சொன்ன பெண்மணிக்கு வந்தது இவ்வகையன்று. அது ஒரு மாதம் ஒளிந்திருந்தது, காய்ச்சல் தரவில்லை, இரண்டு நாட் பரிசோதனையில் அகப்படவில்லை, வழக்கமான மருந்துக்கும் அடங்கவில்லை. இத்தனை வேற்றுமைக்கும் காரணம் அக்கிருமி பிறந்த குலமே.

ஒரு பெருங்குலம்

மைக்கோபாக்டீரியம் என்பது கிருமிகளுள் ஒரு பெருங்குலம். 1873-ல் நார்வே தேசத்து ஹான்சன் கண்ட குஷ்டரோகக் கிருமியும், 1882-ல் ஜெர்மானிய தேசத்து ராபர்ட் காக் கண்ட க்ஷயரோகக் கிருமியும் இக்குலத்தனவே. இவ்விரண்டின் பெயர் மாத்திரம் உலகெங்கும் பரவிற்று. ஆனால் இக்குலத்தில் 190-க்கும் மேற்பட்ட இனங்கள் உண்டு. அவற்றுட் பெரும்பாலானவை ஒருவருக்கும் தீங்கின்றி மண்ணிலும், குளத்திலும், குழாய் நீரிலும் வாழ்பவை. ஒரு குலத்தில் இருவர் பெற்ற பெயரைக் கொண்டு எல்லாரையும் எடைபோடலாகாது என்பது நம் சங்கத்தார்க்கு நாம் சொல்லித் தெரியவேண்டுவதில்லை.

இவற்றுட் சீக்கிரம் வளரும் மூன்று இனங்களே புண்களில் அதிகமாகக் காணப்படுகின்றன. கெலோனே என்பது 1903-ல் பெர்லின் நகரத்துக் காட்சிசாலையிலிருந்த கடலாமைகளிற் காணப்பட்டது. ஆமையைக் குறிக்கும் கிரேக்க மொழியே அதற்குப் பெயராயிற்று. பார்ச்சூயிட்டம் என்பது 1938-ல் பிரேசில் தேசத்தில், ஊசி போட்ட இடத்தில் உண்டான கட்டியொன்றிலிருந்து எடுத்துப் பெயரிடப்பட்டது; தற்செயலாய் நேர்வது என்பது அச்சொல்லின் பொருள். அப்செஸ்ஸஸ் என்பது 1953-ல் ஒரு மூதாட்டியின் முழங்காற் சீழ்க்கட்டியிலிருந்து எடுத்து விவரிக்கப்பட்டது.

நம் தமிழ்நாட்டு மண்ணும் இவற்றிற்குப் புறம்பானதன்று. க்ஷயத்திற்கான பி.சி.ஜி. ஊசியின் பயனை அறியும்பொருட்டுச் செங்கற்பட்டு ஜில்லாவில் 1968-ல் ஒரு பெரும் ஆராய்ச்சி தொடங்கப்பட்டது. பின்னர் அப்பிரதேசத்து மண்ணையும் நீரையும் தூசியையும் எடுத்து ஆராய்ந்தபோது, அவற்றில் இக்குலத்துக் கிருமிகள் பல காணப்பட்டன. இது 1994-ல் வெளியாயிற்று. நாம் நாள்தோறும் மிதிக்கும் மண்ணிலும் அள்ளும் நீரிலும் இவை உள்ளன. ஆயினும் நமக்கு ஒன்றும் நேர்வதில்லை. முழுமையான தோல் நம்மைக் காக்கிறது. தோலைத் துளைத்து, ஆழத்திலுள்ள கொழுப்பிற் கொண்டுபோய் அவற்றை நாமே விதைத்தாலன்றி அவை முளைக்கமாட்டா.

விதைப்பது எவ்வாறு?

இக்குலத்துக் கிருமிகளுக்கு உடம்பின்மேல் மெழுகுபோன்ற ஒரு போர்வை உண்டு. குளோரின் முதலிய மருந்துகள் மற்றக் கிருமிகளைக் கொல்லுமளவு இவற்றைக் கொல்வதில்லை. அன்றியும், இவை குழாயின் உட்புறத்தில் வழுவழுப்பான ஒரு படலமாய் ஒட்டி, ஒன்றையொன்று காத்துக்கொண்டு நெடுநாள் வாழவல்லவை.

இனி, சாவித்துவார அறுவையின் கருவிகளை நோக்குவோம். 1985-ல் ஜெர்மானிய தேசத்தில் மூஹே என்பார் இம்முறையாற் பித்தப்பையை முதன்முதல் எடுத்தார். 1990-ல் பம்பாயில் டாக்டர் தெஹெம்டன் உட்வாடியா அதனை இந்தியாவிற் செய்துகாட்டினார். பெரிய கீறலும் பல நாட் படுக்கையும் இல்லாமற் செய்த இம்முறை ஏழைகளுக்கும் உழைப்பாளிகளுக்கும் பேருபகாரமே, அதிற் சந்தேகமில்லை. ஆனால் இதற்குரிய கருவிகள் நீண்டு மெலிந்தவை. உள்ளே துளையும், நுனியில் மூட்டும், மேலே மின்சாரம் தாக்காதபடி ஓர் உறையும் கொண்டவை. அம்மூட்டுகளிலும் உறையின் இடுக்கிலும் இரத்தமும் சதையும் ஒட்டிக்கொள்ளும். ஒவ்வொரு பாகமாகப் பிரித்துத் தேய்த்துக் கழுவினாலன்றி அவை போகமாட்டா.

பழைய கத்தியையும் கத்தரிக்கோலையும் ஆவியில் வேகவைப்பது வழக்கம். இக்கருவிகளுட் சில அச்சூட்டைத் தாங்காதென்று கருதப்பட்டதாலும், ஒரே நாளிற் பலருக்குச் செய்யக் கருவிகள் போதாமையாலும், குளுட்டரால்டிஹைடு என்னும் மருந்துநீரில் ஊறவைக்கும் வழக்கம் பரவிற்று. நூற்றுக்கு 2 பங்கு வலிமையுள்ள அந்நீரில் 20 நிமிஷம் ஊறினாற் பெரும்பாலான கிருமிகள் மடியும். யாவும் மடிய வேண்டுமானால் 8 முதல் 10 மணி நேரம் ஊற வேண்டும். அடுத்த நோயாளி காத்திருக்கும்போது பத்து மணி நேரம் ஏது? அதன்மேலும், குறித்த நாட்களுக்கு மேல் அதே மருந்துநீரைப் பயன்படுத்தினால் அதன் வலிமை குன்றிவிடும்.

இன்னுமொன்று. அம்மருந்துநீர் உடம்பிற் பட்டால் எரிச்சல் தரும். ஆதலின் கருவியை வெளியில் எடுத்தபின் நீரிற் கழுவியாக வேண்டும். அந்நீர் ஆவியழுத்தத்தாற் சுத்திசெய்த நீராயிருந்தாற் கேடில்லை. குழாய் நீராயிருந்தாலோ, காலையிற் காய்ச்சித் திறந்த தட்டில் ஊற்றி வைத்த நீராயிருந்தாலோ, கடைசிக் கழுவலே எல்லாவற்றையும் கெடுத்துவிடுகிறது. அந்த ஒரு துளி நீரோடு கிருமியும் கருவியின் நுனியிலேறி வயிற்றுத் துளைக்குட் செல்கிறது. விதைப்பது இவ்வாறே.

ரியோ நகரத்து அனுபவம்

இது வெறும் ஊகமன்று என்பதற்குப் பிரேசில் தேசமே சாட்சி. அங்கே 2004 முதல் பல நகரங்களிற் சாவித்துவார அறுவை செய்துகொண்டவர்களுக்கு ஆறாத கட்டிகள் தோன்றலாயின. ரியோ டி ஜெனிரோ ராஜ்யத்தில் மாத்திரம் 2006 ஆகஸ்டு முதல் 2007 ஜூலை வரையிலுள்ள ஓராண்டில், 63 ஆஸ்பத்திரிகளில் 1,051 பேர் இந்நோயுற்றவராகவோ உற்றதாகச் சந்தேகிக்கப்பட்டவராகவோ கணக்கிடப்பட்டனர். தேசமுழுவதும் சேர்த்து இத்தொகை 2,000-க்கு மேற்பட்டது. கிருமியை ஆராய்ந்தபோது அப்செஸ்ஸஸ் இனத்தின் ஒரே கிளையே இடந்தோறும் பரவியிருக்கக் கண்டார்கள். அக்கிளையோ, கருவிகளை ஊறவைத்த நூற்றுக்கு 2 பங்கு குளுட்டரால்டிஹைடு நீரிலேயே சாகாமல் வாழ வல்லதாயிருந்தது! கிருமியைக் கொல்ல வைத்த நீரே அதற்கு உறைவிடமாயிற்று.

இதன்மேல் அத்தேச அரசாங்கத்துச் சுகாதார நிர்வாகத்தார் 2009-ல் ஒரு சட்டம் செய்தனர். உடம்பினுட் செல்லும் இவ்விதக் கருவிகளை மருந்துநீரில் ஊறவைத்துச் சுத்திசெய்தல் கூடாதென்று அச்சட்டம் தடுத்தது. இவ்வளவும் எப்படிச் சாத்தியமாயிற்று என்பதைக் கவனியுங்கள். ஒவ்வொரு வைத்தியரும் தம்மிடம் வந்த ஒரு நோயாளியை மாத்திரம் பார்த்துக்கொண்டு வாளாவிருந்தால், ஓராண்டில் ஓராயிரம் பேர் என்னும் தொகை வெளிவந்திராது. சொன்னார்கள், எண்ணினார்கள், காரணத்தைக் கண்டார்கள்.

நீரும் கருவியும் மாத்திரமே வாயில்களென்று எண்ணவேண்டா. 1993-ல் கொலம்பியா தேசத்துப் பாரன்கியா நகரில், வலிக்கு ஊசி போட்டுக்கொண்ட 350 பேருக்கு இதே அப்செஸ்ஸஸ் கிருமியாற் கட்டிகள் உண்டாயின. அமெரிக்காவில் டெக்ஸாஸ் நாட்டு ஆஸ்பத்திரியொன்றில், இருதய சிகிச்சை செய்துகொண்ட ஏழு பேரின் மார்புப் புண்ணிற் கோர்டோனியா என்னும் மண்வாழ் கிருமி காணப்பட்டது. தேடிச் சென்றபோது, அறுவை அறையிற் பணியாற்றிய தாதி ஒருவரிடத்தும் அவர் வீட்டு நாய்களிடத்தும் அக்கிருமி இருக்கக் கண்டதாக 1991-ல் வெளியிட்டனர். ஐரோப்பாவிலோ, இருதய சிகிச்சையின்போது இரத்தத்தைச் சூடாக்கவும் குளிர்விக்கவும் உதவும் இயந்திரத்தின் நீர்த்தொட்டியிற் கிமேரா என்னும் கிருமி வளர்ந்து, இயந்திர விசிறியின் காற்றோடு பரவி, திறந்த மார்பில் விழுந்தது. ஸூரிக் நகரத்து வைத்தியர்கள் 2013-ல் இந்நோயாளரைப் பற்றி முதலில் வெளியிட்டனர். சிலருக்கு அந்நோய் சிகிச்சைக்குப் பல ஆண்டுகள் கழித்து வெளிப்பட்டது. இவற்றிலெல்லாம் நோயாளி செய்த பிழை யாது? ஒன்றுமில்லை.

அறியுமாறு

இந்நோயை ஐயுறுதற்குரிய அடையாளங்கள் எளியவை. முதலாவது, காலம்: ஆறிவிட்ட புண் மூன்று வாரத்திற்குப் பின், பெரும்பாலும் ஒன்றிரண்டு மாதங்களுக்குள், மீண்டும் கட்டியாகித் திறத்தல். இரண்டாவது, இடம்: தழும்பின்மேலோ, தையல் போட்ட இடத்திலோ, ஊசி குத்திய இடத்திலோ தோன்றுதல். மூன்றாவது, தன்மை: நீர்போன்ற கசிவு, மிகுதியில்லாத வலி, காய்ச்சலின்மை. நான்காவது, மருந்து தின்னும்வரை அடங்கிப் பின் திரும்புதல். இந்நான்கும் ஒருங்கே கூடினால், இது சாதாரணச் சீழன்று என்று எண்ணத் தொடங்க வேண்டும்.

எண்ணிய பின் செய்யவேண்டுவது பரிசோதனை. சாதாரணப் பரிசோதனையில் இரண்டு நாள் பார்த்துவிட்டுக் கிருமியில்லை என்று எழுதிவிடுவர். இக்கிருமிகள் வளர ஒரு வாரம் வரை ஆகும். ஆதலின், இவ்வினத்தையே கருதிச் சோதிக்குமாறு வைத்தியர் தனியே எழுதியனுப்ப வேண்டும். பஞ்சிலெடுத்த சீழைக் காட்டிலும், கட்டியிலிருந்து எடுத்த சிறு சதைத் துண்டும் ஊசியால் இழுத்த சீழும் சிறந்தவை. மருந்து தின்றுகொண்டிருக்கையிற் சோதித்தாற் கிருமி அகப்படாமற் போகலாம். அதனாலேதான் மருந்துக்கு முன் பரிசோதனை என்று வற்புறுத்துகிறோம்.

இங்கே ஒரு பெருங்குழப்பம் நேர்வதுண்டு. க்ஷயக் கிருமிக்கு ஏறும் சாயமே இக்குலத்தாருக்கும் ஏறும். சதைத் துண்டைப் பூதக்கண்ணாடியிற் பார்த்தாலும் இரண்டும் ஏறக்குறையப் பார்வைக்கு ஒன்றே. அதனால் க்ஷயமென்று முடிவுகட்டி, ஆறு மாதம் க்ஷய மருந்து கொடுப்பதும் உண்டு. சீக்கிரம் வளரும் இம்மூன்று இனங்களோ அம்மருந்துகளுக்கு அடங்குவனவல்ல. நோயாளி மருந்தின் உபாதையை மாத்திரம் அனுபவிப்பார். அதே சமயத்தில், மெய்யான க்ஷயக் கிருமியே புண்ணிற் குடியிருப்பதும் உண்டு. அப்பொழுது க்ஷய மருந்தே வேண்டும். இன்னதென்று பிரித்தறியக் கிருமியை வளர்த்துப் பார்த்தலும், சிபிநாட் முதலிய மரபணுப் பரிசோதனையும் துணைசெய்யும். நம் நாட்டில் இப்பரிசோதனைகளுக்கு வழியுண்டு; கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.

இக்கட்டியுள்ளவரோடு பழகுவதால் மற்றவர்க்கு இது தொற்றாது என்பதையும் இங்கேயே சொல்லிவிடுகிறோம். அவர் சமைக்கலாம், ஒரே பந்தியில் உண்ணலாம், பிள்ளைகளை அணைக்கலாம். தனித் தட்டும் தனிப் பாயும் வேண்டுவதில்லை. புண்ணைக் கட்டி வைப்பதும், கட்டு மாற்றியபின் கைகழுவுவதுமே போதும்.

சிகிச்சை

இந்நோய் குணமாகக் கூடியது. உயிருக்கு அபாயம் வருவது அரிது. ஆனால் பொறுமை வேண்டும். கிளாரித்ரோமைசின், அமிகாசின், சிப்ரோபிளாக்சசின், லினெசோலிட் முதலிய மருந்துகளுள், அகப்பட்ட கிருமி எதற்கு அடங்குமென்று சோதித்தறிந்து, ஒன்றுக்கு மேற்பட்டவற்றைச் சேர்த்தே கொடுப்பர். ஒன்றை மாத்திரம் கொடுத்தாற் கிருமி அதற்குப் பழகிவிடும். அப்செஸ்ஸஸ் இனத்திற் பல, கிளாரித்ரோமைசினுக்குப் பழகும் ஆற்றலைப் பிறவியிலேயே பெற்றவை. காலமோ நான்கு முதல் ஆறு மாதம். அமிகாசின் ஊசி காதையும் சிறுநீரகத்தையும் தாக்கவல்லது. அதனைப் பெறுவோர் இரத்தப் பரிசோதனையையும் செவிப் பரிசோதனையையும் தவறவிடலாகாது.

மருந்து மாத்திரம் போதாமற் போவதும் உண்டு. கெட்ட சதையை வெட்டியெடுக்கவும், குடலிறக்கத்திற்கு வைத்த வலைபோன்ற அந்நியப் பொருள் உள்ளே இருந்தால் அதனை நீக்கவும் நேரிடும். மேலே சொன்ன பாரன்கியா நகரத்து நோயாளருள், கட்டியை அகற்றுதலும் மருந்தும் சேர்ந்து பெற்றவர்களிற் பெரும்பாலோர் குணமடைந்தனர். இரண்டாம் முறை கத்தி வைப்பதா என்று வீட்டார் அஞ்சுவது இயற்கையே. ஆயினும் வைத்தியர் தக்க காரணத்தோடு சொல்லும்போது அவ்வச்சத்தாற் காலங் கடத்தலாகாது. புண் மூடிய மாத்திரத்தில் மருந்தை நிறுத்துவதும் கூடாது. பாதியில் நிறுத்தியவர்க்கே நோய் பன்மடங்கு உறுதியோடு திரும்புகிறது.

நாம் செய்யத் தக்கவை

முதலாவதாக, சஸ்திர சிகிச்சைக்கு நாள் குறிக்கும்போது வீட்டாருள் ஒருவர் வைத்தியரிடம் மரியாதையோடு ஒரு கேள்வி கேட்கலாம்: கருவிகளை ஆவியழுத்தத்தாற் சுத்திசெய்கிறீர்களா, மருந்துநீரில் ஊறவைக்கிறீர்களா? ஆவியழுத்தத்தில் 121 டிகிரிச் சூட்டில் கால் மணி நேரத்திற்குக் குறையாமலோ, 134 டிகிரிச் சூட்டில் மூன்று நான்கு நிமிஷமோ வைத்தால் இக்கிருமிகள் பிழைக்கமாட்டா. சூடு தாங்காத கருவிகளுக்கு எத்திலீன் ஆக்ஸைடு என்னும் வாயுவாற் சுத்திசெய்யும் முறையும் உண்டு. விலை பேசக் கூசாத நாம், இதனைக் கேட்க ஏன் கூச வேண்டும்? நல்ல வைத்தியர் இக்கேள்விக்குக் கோபங்கொள்ளார். அவருக்கும் தம் நோயாளியின் புண் ஆறுவதே கௌரவம்.

இரண்டாவதாக, வீடு வந்தபின் புண்ணின்மேல் மஞ்சள், சாம்பல், காப்பித்தூள் முதலியவற்றை அப்புதல் வேண்டா. நீர் படலாமா, எந்நாள் முதற் குளிக்கலாம் என்பவற்றை வைத்தியரிடமே கேட்டு நடக்க வேண்டும். ஒரு மாதம் கழித்துத் தழும்பைத் தடவிப் பார்த்துக் கட்டி ஏதேனும் தென்பட்டால் மறைக்கலாகாது. நம் பெண்மக்கள் வயிற்றுப் புண்ணைப் புருஷனிடம் கூடச் சொல்ல வெட்கி, மேலே துணியைச் சுற்றிக்கொண்டு வேலை பார்ப்பவர்கள். வீட்டிலுள்ள மூத்தோரே வாய்விட்டுக் கேட்டறிதல் நன்று.

மூன்றாவதாக, கட்டி தோன்றினால் மருந்துக்கடைக்குச் செல்லாமல், சிகிச்சை செய்த வைத்தியரிடமே முதலிற் சென்று காட்ட வேண்டும். சிலர் மனக்கசப்பினால் வேறிடம் செல்வர். அதனால் முதல் வைத்தியருக்குத் தம் கருவியிலோ நீரிலோ குறையிருப்பது தெரியாமலே போய்விடும். அடுத்த மாதம் அதே மேசையில் இன்னும் பத்துப் பேர் படுப்பார்கள். நாம் சொல்லும் ஒரு சொல் அப்பத்துப் பேரையும் காக்கக் கூடும். பழி சுமத்தும் நோக்கத்தோடு செல்லவேண்டா. ஆனால் சொல்லாமலும் இருக்கவேண்டா. அங்கே செவிசாய்க்கவில்லையாயின், கைவசமுள்ள சீட்டுகளையெல்லாம் எடுத்துக்கொண்டு, கிருமிப் பரிசோதனை வசதியுள்ள பெரிய ஆஸ்பத்திரிக்குச் செல்ல வேண்டும்.

நான்காவதாக, நம் சங்கத்தாருக்கும் ஒரு கடமையுண்டு. கலியாணத்திற்கும் படிப்பிற்கும் உதவி செய்வது போன்றே, நீண்ட சிகிச்சையில் அகப்பட்ட குடும்பத்திற்கும் உதவ வேண்டும். பித்தப்பையை எடுக்கப் பணம் தேடிவிடுகிறார்கள். அதன்பின் வரும் ஆறு மாத மருந்துச் செலவிலேயே குடும்பம் தளர்கிறது. தளர்ந்தவர் பாதியில் மருந்தை விடுகிறார். ஒவ்வோர் ஊர்க் கிளையிலும் பரிசோதனைக்கு அழைத்துச் செல்லவும், மருந்து தவறாது பார்த்துக்கொள்ளவும் படித்த வாலிபர் ஒருவர் முன்வந்தால் அதுவே பெரிய தருமமாகும். மாதர் பகுதியார் தங்கள் கூட்டத்தில் இவ்விஷயத்தைப் பெண்களுக்கு விளங்கச் சொல்வார்களாக.

பெரியோர்களே! சஸ்திர சிகிச்சைக்கு அஞ்சுங்களென்று சொல்ல நாம் இங்கே நிற்கவில்லை. வேண்டிய காலத்தில் அதனைச் செய்துகொள்ளாமல் மாண்டவர் தொகை, இக்கட்டியால் வருந்தியவர் தொகையினும் மிகப் பெரிது. செய்துகொள்ளுங்கள், கேட்டுச் செய்துகொள்ளுங்கள், செய்தபின் ஒரு மாதமேனும் கண்ணும் கருத்துமாய்ப் பாருங்கள். ஆறிய புண் மீண்டும் திறந்தால், அதனை உண்ட உணவின்மேலும், பார்த்தவர் கண்ணின்மேலும், வந்த மருமகளின்மேலும் ஏற்றாமல், சீழையும் சதையையும் பரிசோதனைக்கு அனுப்புங்கள். அக்கிருமிக்குப் பெயருண்டு, அதற்கேற்ற மருந்தும் உண்டு. பெயரைக் கண்டுபிடிக்கும்வரை எடுக்கும் காலமே நோயாளி வீணே வருந்தும் காலம். அக்காலத்தைக் குறைப்பது நம் கையிலிருக்கிறது.

 எல்லார் இல்லங்களிலும் நலம் நிலவுவதாக.